தொண்டைமானாற்றங்கரையில் ஒரு நாள்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலையும் இல்லை. மலையிற் பிறந்து ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரி காலத்தில் ஓடிக் கோடையில் வற்றிப்போகும் வழுக்கையாறு ஒன்றே இயற்கையாற்றின் சாயலை உடையது. ஆயினும், அச்சுவேலியிலிருந்து வடக்கு நோக்கிச் சில மைல் சென்றால், அகன்ற நீர்ப்பரப்பொன்று கடலோடு கலக்கும் இடத்தைக் காணலாம். அதனை மக்கள் காலங்காலமாக ஆறு என்றே அழைத்து வருகின்றனர். அதுவே தொண்டைமானாறு. கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன், உப்பு ஏற்றும் மரக்கலங்கள் உள்ளே வந்து செல்வதற்காக அந்த முகத்துவாரத்தை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த கதை. அக்கதையின் உண்மை எவ்வாறாயினும், அவன் பெயர் ஆற்றிலும் ஊரிலும் நிலைத்துவிட்டது.

உண்மையில் அது வடமராட்சிக் கடனீரேரியின் வாயாகும். அந்த நீர்ப்பரப்பு தென்கிழக்காக நெடுந்தூரம் நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்கே வலிகாமம், கிழக்கே வடமராட்சி. ஒரு பகுதியிலிருந்து மற்றப் பகுதிக்குச் செல்ல வேண்டியவர்கள், வடக்கே தொண்டைமானாற்றிலோ, தெற்கே வல்லைப் பாலத்திலோ நீரைக் கடந்தாக வேண்டும். அமைதிக் காலத்தில் இவ்விரு கடவைகளும் சந்தைக்கும் திருவிழாவுக்கும் செல்லும் வழிகள். போர்க் காலத்தில் இவையே படைகள் நோக்கிய வாயில்களாகவும், மக்கள் உயிர் பிழைக்க ஓடிய பாதைகளாகவும் ஆயின. ஆதலால் அச்சுவேலிப் பகுதியிலே போரின் வரலாற்றையும் நீரின் வாழ்வையும் வெவ்வேறாகப் பிரித்துச் சொல்லுதல் இயலாது.

இன்று பாடசாலையில் பயிலும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் பிறந்தவர்கள். அவர்கள் வல்லைப் பாலத்தைப் பஸ் வண்டியிலே சில நிமிடங்களிற் கடந்துவிடுகின்றனர். அந்தப் பாலத்தைத் தம் தாயும் தந்தையும், பாட்டனும் பாட்டியும் எப்படிக் கடந்தனர் என்பதை அவர்களிற் பலர் அறியார். வீட்டிலே மூத்தவர்கள் அதைப் பேசுவதும் அரிது. பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்பது ஒரு காரணம். சொல்லத் தொடங்கினால் தம் மனம் தாங்காது என்பது மற்றொரு காரணம். ஆகவே, ஆசிரியர்கள் ஒரு நாளை ஒதுக்கி, மாணவர்களை அழைத்துச் சென்று இவ்விடங்களைக் காட்டுதல் தக்கதொரு கல்விப் பணியாகும்.

அத்தகைய பயணத்துக்கு வழிகாட்டிகள் இருவர் வேண்டும். ஒருவர், இடம்பெயர்ந்து அலைந்து மீண்டு வந்த முதியவர். மற்றவர், ஆற்றிலே வலை வீசி வாழும் தொழிலாளி. முன்னவர் நிலத்தின் கதையைச் சொல்வார். பின்னவர் நீரின் கதையைச் சொல்வார். ஆசிரியரின் கடமை ஆண்டுகளைச் சரிபார்த்துக் கொடுப்பதும், இருவரும் பேசும்போது மாணவர்கள் குறுக்கே பேசாதிருக்கச் செய்வதுமே.

காலையில் அச்சுவேலிச் சந்தையடியிற் கூடி, முதலில் மேற்கே வசாவிளான் பக்கம் செல்லலாம். அப்பாலுள்ள பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பட்டது. எங்கோ நடந்த பெரும் போரின் தேவைக்காகத் தோட்டக்காணிகளின் நடுவே எழுந்த அந்த ஓடுபாதை, பின்னர் மக்களுக்கும் பயன்பட்டது. 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் திகதி ஏயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கியே சென்னைக்குச் சென்றது. உள்நாட்டுப் போர் மூண்டபின் அதே தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டனர். சில நாளிலே திரும்பலாம் என்று எண்ணிக் கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிச் சென்றவர்கள் இருந்தனர். அந்தச் சில நாள் பலருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாயிற்று. சிலருக்கு இன்னும் முடியவில்லை. வசாவிளான் மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகளும் தம் மண்ணை விட்டு வேற்றிடங்களிலே நெடுங்காலம் இயங்கின.

2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆந் திகதி பலாலித் தளம் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், முப்பத்தைந்து ஆண்டுகளாக மூடப்பட்டிருந்த வசாவிளான் - பலாலி வீதி, பகற்பொழுதுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. காணிகளின் ஒரு பகுதி இன்னும் உரியவர்களின் கைக்கு வரவில்லை. இவற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஆண்டுகளை வரிசையாகச் சொன்னாலே போதும். கணக்கை அவர்களே கூட்டிக்கொள்வார்கள்.

அங்கிருந்து அச்சுவேலிக்கு மீண்டு, இடைக்காட்டுச் செம்மண் தோட்டங்களின் ஊடாக வளலாய்க் கிராமத்தை அடையலாம். வளலாய் மக்களின் காணிகள் 2015 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விடுவிக்கப்பட்டன. வந்து பார்த்தவர்களுக்கு முதலிலே தேவைப்பட்டது வீடன்று, எல்லை. வேலியும் இல்லை, கதியாலும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. தங்கள் வளவு எது, அயலவர் வளவு எது என்று அறிய முடியாமல் திகைத்தவர்கள், கிணற்றைத் தேடினர். கிணறு கண்ட இடத்திலிருந்து அடியளந்து வீட்டின் இடத்தையும், படலையின் இடத்தையும் கண்டனர். குடாநாட்டிலே ஒரு குடும்பம் நிலைகொள்வது கிணற்றைச் சுற்றியே என்பதற்கு இதனிலும் சிறந்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இங்கே நீரின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மாரியிலே பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. மேலுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழுள்ள உவர் மேலெழும். புத்தூருக்கு அண்மையிலுள்ள புகழ்பெற்ற நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதனாலேயே. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கைவலியே அளவுகோலாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அளவை மனிதனே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். தொண்டைமானாற்றின் வாயிலே உவர்நீர்த் தடுப்பணை நிற்கின்றது. மழைநீரைக் கடனீரேரியிலே தேக்கி, கடல்நீர் உட்புகாது தடுத்தால், ஆண்டுதோறும் உவர் கழுவப்பட்டு, சுற்றியுள்ள கிணறுகளும் வயல்களும் நன்னீர் பெறும் என்பது இதன் நோக்கம். 1950 களிலே நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கோர் ஆறு' என்னும் பெருந்திட்டத்தில் இந்த அணைக்கு முதன்மையான இடம் உண்டு. ஆனையிறவுக் கடனீரேரியில் தேங்கும் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவருதல். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணையிட்டு அந்நீரைக் காத்தல். இவையே திட்டத்தின் சாரம். அணைகள் எழுந்தன, வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. போர் ஆண்டுகளிலே பராமரிப்பாரின்றி அணைக் கதவுகளும் பழுதாயின. கடல் மீண்டும் உள்ளே வந்தது. போர் ஓய்ந்தபின்னரே அணை புதுப்பிக்கப்பட்டது. குண்டு விழுந்த வீடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கதவு உளுத்ததால் உவரேறிய கிணற்றைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவரே அறிவார்.

இவ்விடத்தில் வலைத்தொழிலாளியைப் பேச விட வேண்டும். திரளியும் மணலையும், நண்டும் இறாலும் இந்நீரின் செல்வங்கள். இறாற் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து, கண்டற் செடிகளின் அடியிலும் களிமண் ஓரங்களிலும் வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்ப வேண்டியது. அணைக்கதவு அடைத்தே கிடந்தால் அதற்கு வழியில்லை. கதவு திறந்தே கிடந்தால் கமக்காரனின் கிணற்றுக்கு நன்மையில்லை. எந்நாளில் திறப்பது, எந்நாளில் அடைப்பது என்பது இரு தொழிலாரும் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. மாணவர்கள் இரு பக்க நியாயங்களையும் கேட்டு, தாமே ஒரு தீர்ப்பை எழுதிப் பார்க்கட்டும். ஆற்றங்கரையிலே களப்படிப்பை வளர்க்கத் தோன்றிய தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பெயர், பின்னாளில் உயர்தர வகுப்பு மாதிரி வினாத்தாள்களால் தமிழ் மாணவர் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்று. வினாத்தாளை அறிந்த பிள்ளைகள், அந்தப் பெயருக்குரிய நீரையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தல் நன்று.

நண்பகலில் செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தை அடையலாம். ஆற்றங்கரையிலே அமைந்த அவ்வாலயத்தில், கப்பூகர் எனப்படும் பூசகர்கள் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை புரிகின்றனர். ஆலமிலைகள் அறுபத்தைந்திலே நிவேதனம் படைக்கப்படுகின்றது. வருவோர் எவராயினும் அன்னம் இடுவது அவ்விடத்து வழக்கம். அன்னதானக் கந்தன் என்ற பெயரும் அதனால் வந்ததே. 1986 ஆம் ஆண்டிலே ஆலயத்தின் பெருந்தேர் எரிந்து அழிந்தது. மறு ஆண்டு, 1987 மே 26 ஆந் திகதி தொடங்கிய வடமராட்சிப் படை நடவடிக்கையின்போது, படையினர் முன்னேறிய வாயில்களுள் ஒன்றாகத் தொண்டைமானாறு அமைந்தது. ஊர் வெறிச்சோடிய காலங்களும் உண்டு. ஆயினும் இன்று அடுப்பு எரிகின்றது. ஆவணித் திருவிழாவிலே தேரும் ஓடுகின்றது.

வெயில் தாழ்ந்ததும் வல்லைவெளிக்குச் செல்லலாம். மரமில்லாத வெளி, ஓயாத காற்று. மாரிக்குப் பின் பூநாரைகள் கூட்டமாக வந்து ஆழமற்ற நீரிலே தலைகீழாக அலகை வைத்து இரைதேடுவதைக் காணலாம். வழியிலே வல்லை முனியப்பர் கோயில். வண்டிக்காரர் அக்காலத்திலே இங்கே நின்று கும்பிட்டே வெளியைக் கடந்தனர்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆந் திகதி 'ரிவிரெச' என்னும் படை நடவடிக்கை தொடங்கியபோது, அச்சுவேலி, புத்தூர்ப் பகுதிகளின் மக்கள் பலர் இவ்வழியாகவே வடமராட்சிக்குச் சென்றனர். அம்மாதம் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தில் இலட்சக்கணக்கானோர் மழையிலே அடியடியாக நகர்ந்தனர். முதியவர், தாம் எந்த இடத்திலே சைக்கிளை விட்டார், எந்த இடத்திலே தாயைத் தோளில் ஏற்றினார் என்று கைகாட்டிச் சொல்வாராயின், மாணவர்கள் காற்றுக்குக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

போரையும் ஆற்றையும் ஒரே நாளிற் காட்டும் பயணங்கள் பிற நாடுகளிலும் உண்டு. தாய்லாந்திலே காஞ்சனபுரியில், குவாய் ஆற்றுப் பாலத்தைக் காணவும் அந்த ஆற்றிலே படகிற் செல்லவும் உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் யப்பானியப் படையினர் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான சயாம் - பர்மா இரயில் பாதையில், போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையிலே ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகக் காக்கப்படுகின்றன. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு அதே பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுமில்லை. போர்க்கைதிகளின் பெயர்களைப் படைப்பதிவேடுகள் காத்தன. கூலியாளின் பெயரை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை.

அச்சுவேலிப் பகுதிக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீடுதோறும் இருக்கின்றனர். சொல்லத் தெரிந்த மூத்தவர்களும் இன்னும் இருக்கின்றனர். பயணம் முடிந்து திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்த நாளில் வீட்டை விட்டீர்கள்? எந்த வழியாகச் சென்றீர்கள்? திரும்பி வந்தபோது கிணற்றுநீர் எப்படி இருந்தது? விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயரும் திகதியும் இட்டுப் பாடசாலை நூலகத்திலே சேர்த்து வைக்கலாம். பெரியவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தல் ஆகாது. பிறிதொரு நாள், துலாக் கிணற்றைப் பற்றியோ ஆற்றிலே இறால் பிடித்ததைப் பற்றியோ கேட்டால், மற்றதும் தானே வரக்கூடும்.