எத்தனை பேருக்குப் போதும்?

(மன்றத்தின் ஆண்டு விழாவிற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சமையலைப் பற்றிப் பேசவென்று இளைஞர் மன்ற மேடையில் ஏறிய எம்மைப் பார்த்துத் தாய்மார் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். அடுப்பங்கரையை எட்டியும் பாராத பிள்ளைகள் சமையற் புத்தகம் போடப் புறப்பட்டுவிட்டார்களாம் என்று எமது வீடுகளிலேயே கேலி செய்தனர். கேலி நியாயமானதே. இவ்வேலையைத் தொடங்கிய நாளிலே எம்மிற் பெரும்பாலோருக்கு உலையில் எவ்வளவு தண்ணீர் வைப்பதென்பதே தெரியாது.

எண்ணம் இதுதான். மாத்தளை மாவட்டத்துத் தமிழ் வீடுகளிற் சமைக்கப்படும் உணவுகளின் செய்முறைகளைத் திரட்டி ஒரு நூலாக அச்சிடுவது. விற்று வரும் பணத்தைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களிலே குழந்தைகளுக்குக் காலைக் கஞ்சி வார்க்கக் கொடுப்பது. நூலை வாங்குவோர் தம் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் பசியையும் கொஞ்சம் அறிந்துகொள்ளச் செய்வது. இஃது எமது மூளையிற் பிறந்த புதுமை அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டிலே, காயமுற்ற போர்வீரர்க்கு உதவும் பொருட்டுப் பிலடெல்பியா நகரில் மரியா மோஸ் என்னும் அம்மையார் ஒரு சமையற் புத்தகம் வெளியிட்டார். அன்று தொட்டு மேனாடுகளிலே தருமத்துக்காகச் சமையற் புத்தகம் விற்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தமிழிலோ, 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றும் மணமகளின் பெட்டியில் ஏறுகிறது. தமிழர் சமையற் புத்தகம் வாங்கார் என்று சொல்வதற்கில்லை.

எமக்கு வித்திட்டது இவற்றிலொன்றுமன்று. நாம் கற்றது மிஷன் பாடசாலையிலே. அங்கு ஆண்டுதோறும் அறுவடைத் திருநாளன்று, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூசணியும் வாழைக்குலையும் தேங்காயும் முட்டையும் ஏலம் விடப்படும். ஒற்றை முட்டைக்கு இரு கடைக்காரர் போட்டியிட்டு, ஒரு கோழியின் விலையைக் கொடுத்து வாங்கிய வேடிக்கையைச் சிறுவயதிற் கண்டிருக்கிறோம். நல்ல காரியம் என்று சொல்லிவிட்டால் மனிதர் கை தாராளமாகத் திறக்கும் என்பது அன்று மனத்திற் பதிந்தது. திறந்த கை எதை வாங்குகிறதென்பதை அன்று நாம் யோசிக்கவில்லை.

நிற்க. நாம் ஒரு படிவம் அச்சடித்தோம். உணவின் பெயர், வேண்டிய பொருள்கள், அளவு, செய்முறை என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவதாக, ஆங்கிலச் சமையற் புத்தகங்களிற் கண்டபடி, ‘எத்தனை பேருக்குப் போதும்?’ என்றொரு கட்டம். அந்த ஐந்தாவது கட்டத்தைப் பற்றியே இன்று பேச வந்தோம் என்றாலும் பொருந்தும்.

நகரத்திலே வேலை இலகுவாக நடந்தது. திருகோணமலை வீதியிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கதவைத் தட்டிய வீடுகளிலெல்லாம் எம்மை இருத்தி, தேநீர் தந்து, கேட்டதற்கு மேலாகவே சொன்னார்கள். அரியதரம், பயற்றம் பணியாரம், சுசியம், கித்துள் கருப்பட்டி சேர்த்த பாற்சோறு, தேர்த்திருவிழாவுக்கு வரும் உறவினருக்கென்று வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு! ஐந்தாவது கட்டத்திலே ‘ஆறு பேருக்கு’, ‘எட்டுப் பேருக்கு’ என்று தயங்காது நிரப்பினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலே நாற்பது படிவம் நிரம்பிவிட்டது. நூல் முடிந்தது என்றே மகிழ்ந்தோம்.

பின்னர் மலைக்குப் போனோம். இரத்தோட்டைப் பக்கம், எல்கடுவைப் பக்கம், உக்குவெலைக்கு மேலே என்று லயங்களைத் தேடி நடந்தோம். முதல் லயத்து இஸ்தோப்பிலே உட்கார்ந்து படிவத்தை விரித்ததும், அங்கிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். “எங்ககிட்ட என்னா சமையல் இருக்கு, தம்பி? ரொட்டிதான்” என்றார் ஒருவர். ரொட்டி எல்லார்க்கும் தெரிந்ததுதானே, வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டோம். எத்துணைப் பேதைமை! ஐந்து வீட்டிலே ஐந்து தரம் ரொட்டியின் செய்முறையை எழுதிய பின்புதான் அதனுள்ளே ஒரு கணக்கு இருப்பது எமக்குப் புலப்பட்டது.

கோதுமை மாவும் உப்பும் எல்லா வீட்டிலும் ஒன்றே. மாறுவது தேங்காய். சம்பளம் கிடைத்த வாரத்திலே அரை மூடித் தேங்காயைத் துருவிப் போட்டுப் பிசைவார்கள். கட்டைச் சம்பலும் கூட வரும். மாதம் நடுவுக்கு வரும்போது தேங்காய் ஒரு கைப்பிடியாகக் குறையும். அடுத்த பத்தாந் தேதிக்கு முந்திய நாள்களில் மாவும் உப்பும் தண்ணீருமே. தேங்காய் சேராத ரொட்டி சூடாக இருக்கும்வரை ரொட்டி, ஆறினால் தோல். அதைத்தான் விடியற்காலையிற் சுட்டுத் துணியிற் சுற்றிக்கொண்டு மலைக்குப் போய், கொழுந்து நிறுத்த பின்பு சாயத்தண்ணியில் நனைத்து மெல்லுகிறார்கள். 2024ஆம் ஆண்டின் இறுதியிலே தேங்காய்க்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது நகரத்திலே நாம் முணுமுணுத்தோம். லயத்திலே அந்த மூன்றாவது வகை ரொட்டி சில நாள் முன்னதாகவே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு செய்முறையைப் பார்த்து, அது மாதத்தின் எந்த நாளிற் சொல்லப்பட்டதென்று கூறிவிடலாம் என்பதை எந்தச் சமையற் புத்தகத்திலும் நாம் படித்ததில்லை.

மரவள்ளிக்கிழங்கின் செய்முறையையும் அங்கேதான் முறையாகக் கற்றோம். பானையை மூடாமல் அவிக்க வேண்டும். நச்சுத்தன்மை ஆவியோடு போக வேண்டுமாம். இஞ்சி சேர்ந்த எதையும் அன்று வாயில் வைக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பலாக்கொட்டையை மணலிற் புதைத்து மழைக்காலத்துக்கு வைப்பது, ஈரப்பலாக்காயைத் தீயில் வாட்டிச் சம்பலோடு தின்பது, கானோரத்து வல்லாரை என்று ஒவ்வொன்றாய் வந்தன. வியப்பு யாதெனில், மிளகும் கராம்பும் சாதிக்காயும் ஏலமும் விளைவதால் உலகறிந்த மாவட்டம் இது. வெளிநாட்டார் பேருந்திலே வந்து வாசனைத் திரவியத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துப் போகும் வீதி எமது வீதி. நாம் லயங்களில் எழுதிய படிவங்களுள் கராம்பு ஒன்றே ஒன்றில் வந்தது. அதுவும் பல்வலிக்கு.

இனி எமது குற்றமொன்றைச் சபையிலே சொல்ல வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

ஒரு மாதத்தின் ஏழாந் தேதி. சம்பளம் பத்தாந் தேதி என்பது எமக்குத் தெரியாததன்று, நினைக்கவில்லை. இரத்தோட்டைக்கு அப்பால் ஒரு லயத்திலே, “செய்து காட்டுங்கள் அக்கா, கண்ணாற் கண்டால் அளவைச் சரியாக எழுதலாம்” என்று ஒரு தாயிடம் கேட்டோம். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போனார். தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. மாவு டின்னின் அடியிலே கரண்டி உரசும் சத்தமும் கேட்டது. எமக்கு அது சத்தமாக மட்டுமே கேட்டது. ஒரு முழுத் தேங்காய், மாவு ஐந்து குவளை என்று நாம் கருத்தாய் எழுதிக்கொண்டோம். ரொட்டி வந்தது. மலையேறிய பசி, நால்வரும் தின்றோம். பாடசாலை விட்டு வந்த பையன் வாசலிலே நின்று தட்டத்தைப் பார்த்தான். “அண்ணாமாரு சாப்பிடட்டும். நீ பீலிக்குப் போயி தண்ணி புடிச்சிக்கிட்டு வா” என்று தாய் அவனை அனுப்பிவிட்டார். இறங்கி வரும் வழியிலே, எம்மோடு வந்த மாணவி ஒருவர்தாம் கேட்டார்: “அவர்கள் இரவைக்கு என்ன செய்வார்கள்?” ஒருவரும் பேசவில்லை. பசியைப் பற்றிப் புத்தகம் போடப் போனவர்கள் ஒரு வீட்டின் இரவுச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை மடித்துக்கொண்டு வந்திருந்தோம்.

அதன் பிறகு பத்து நாள் எவரும் மலைப்பக்கம் போகவில்லை. நூலையே விட்டுவிடுவோமா என்ற பேச்சும் எழுந்தது. விடாமல் இருந்ததற்குக் காரணம் உக்குவெலைக்கு மேலே இருந்த ஒரு பாட்டி.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைப் பற்றி இங்குள்ள முதியோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எம் வயதினருக்குச் சொல்ல வேண்டும். உலகச் சந்தையிலே தானியத்தின் விலையும் எண்ணெயின் விலையும் ஏறின. நாட்டிலே பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. அரிசியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோவதே குற்றமாகி, வீதிகளிலே தடைகள் போட்டுப் பைகளைச் சோதித்தனர். கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலாவது, ஒரு பலா மரமாவது இருந்தது. லயத்தவருக்குக் காணியில்லை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பலருக்குக் குடியுரிமையுமில்லை, வாங்கித் தின்பதன்றி வழியில்லை. 1974இலே தோட்டங்களின் மரண வீதம் நாட்டின் பொது வீதத்துக்கு மிக மேலே போயிற்று. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடையைக் கட்டினர், பலர் கப்பலேறினர்.

அந்த நாளிலே இளம் பெண்ணாயிருந்த பாட்டி, எமது படிவத்துக்கு ஒரு கஞ்சி சொன்னார். கிடைத்த கீரையை அவித்து, கீரையை முதலிற் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவித்த தண்ணீரிலே ஒரு பிடி மாவைக் கரைத்து, உப்பிட்டுக் கிண்டி, பெரியவர்கள் குடிப்பது. பெயர் என்ன என்றோம். “அதுக்கு ஏது பேரு?” என்றார். ஐந்தாவது கட்டத்துக்கு வந்தோம்: எத்தனை பேருக்குப் போதும், பாட்டி?

“போதும்னு எப்ப சொன்னோம், தம்பி? ஏழு பேரு குடிச்சோம். பொறகு ஆறு பேரு.”

அந்தக் கட்டத்தை அன்று நாம் நிரப்பவில்லை.

இந்தக் கஞ்சியை நூலிற் சேர்ப்பதா என்று எமது குழுவிலே மூன்று மாலை வாதம் நடந்தது. பரிசாகக் கொடுக்க வாங்கும் நூலிலே இது எதற்கு, விற்பனை கெடும் என்றனர் சிலர். அதைவிட நியாயமான ஆட்சேபமும் வந்தது: கொடுத்தவர்களுக்கு இது மானக்கேடாகாதா? எங்கள் பட்டினியை விற்றார்கள் என்று அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? இதற்கு எம்மிடம் முழு விடையில்லை. பாட்டியிடமே போய்க் கேட்டோம். பெயரும் தோட்டமும் வேண்டாம், கஞ்சியைப் போடுங்கள் என்றார்.

சேர்க்க வேண்டும் என்று நின்றவர்களுக்குத் துணையாய் வந்தது எமது ஊரே. நகரத்துக்கு வடக்கே இரண்டு மைலில் உள்ள அலுவிகாரையை அறியாதார் யார்? கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, அதுவரை வாய்வழியே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டதென்பர். எழுத நேர்ந்ததற்குக் காரணங்களுள் ஒன்று பஞ்சம். ஓதும் துறவியர் கிழங்கும் இலையும் தின்று உயிர் தாங்கினர், பலர் மாண்டனர், நூலொன்றை முழுதும் அறிந்தவர் ஒரேயொருவராய்க் குறைந்துபோனார் என்று கதை வழங்குகிறது. நெஞ்சில் வைத்திருப்பவர் இறந்தால் நூலும் இறக்கும் என்ற அச்சமே எழுத்தாணியைக் கையில் எடுப்பித்தது. 1974ஐ நெஞ்சில் வைத்திருப்போரும் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். எமது பாட்டியின் கஞ்சியைத் திரிபிடகத்தோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் கோபிக்க வேண்டா.

வேறோர் ஏடும் உண்டு. இரண்டாம் உலகப் போரிலே, இன்றைய செக் நாட்டின் தெரேசின் என்னுமிடத்தில் நாசிகள் அடைத்து வைத்த யூதப் பெண்கள், பசியால் வாடியபடியே தம் வீட்டுப் பலகாரங்களின் செய்முறைகளை நினைவிலிருந்து எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான மீனா பெக்டர் 1944இல் அங்கேயே மாண்டார். மகளிடம் சேர்க்கும்படி அவர் கொடுத்த ஏடு கால் நூற்றாண்டு கழித்தே மகளின் கையை அடைந்து, 1996இல் ஆங்கில நூலாயிற்று. சில செய்முறைகளிலே பொருள்கள் விடுபட்டிருக்கின்றன; பசியிலே நினைவு தடுமாறியிருக்கிறது. அங்கே பசித்தவர்கள் விருந்தை எழுதினார்கள். இங்கே விருந்தைக் கேட்கப் போன எமக்குப் பசி எழுதக் கிடைத்தது.

பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. நாம் உயர்தர வகுப்பிலே இருந்த 2022ஆம் ஆண்டை நாம் எல்லாரும் கண்டோம். அவ்வாண்டு செப்டெம்பரிலே உணவின் விலை ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. நாட்டிலே 63 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 28 பேர், போதிய உணவின்றி இருந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் கணக்கிட்டன. தோட்டப் பகுதிகளிலே நிலைமை மிக மோசமென்றும் கண்டன. 2021 மார்ச்சிலே போராடிப் பெற்ற ஆயிரம் ரூபாய் நாட்கூலி மாவு விலையின் முன்னே கரைந்தது. நகரத்தில் நாம் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். மலையிலே பெயரில்லாத கஞ்சிக்குத் திரும்பியவர்கள் இருந்தனர். பாட்டியின் மருமகள் தமது வாயாலே அதைச் சொன்னார். செய்முறை மாமியாரிடம் கற்றதாம்.

ஆகவே கஞ்சி நூலிலே இருக்கிறது. அரியதரத்துக்கும் பாற்சோற்றுக்கும் பின்னால் ஒதுக்காமல், இடையிலேயே வைத்திருக்கிறோம். ஐந்தாவது கட்டத்தை மட்டும் நூல் முழுவதும் மாற்றிவிட்டோம்: ‘எத்தனை பேர் உண்டனர்?’ நகரத்து வீடுகளுக்குத் திரும்பப் போய் அப்படிக் கேட்டபோது, ‘எட்டுப் பேருக்கு’ என்று எழுதித் தந்த அம்மையார் ஒருவர், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டபடியால் இப்போது இருவர்தாம் என்று திருத்தினார்.

ரொட்டி சுட்டுத் தந்த தாயிடமும், அடுத்த மாதம் பதினைந்தாந் தேதிக்குப் பின் போனோம். ஐந்து கிலோ மாவும் இரண்டு தேங்காயும் கொண்டு போனோம். அவர் மாவை வாங்கிப் பழைய குவளையால் ஐந்து குவளை அளந்து டின்னிற் கொட்டிக்கொண்டு மீதியைப் பையோடு திருப்பித் தந்தார். தேங்காயில் ஒன்றை எடுத்துக்கொண்டார். “அன்னைக்கு ஒண்ணுதான் ஒடைச்சேன்” என்றார். பிறகு, என்ன எழுதினீர்கள், படியுங்கள் கேட்போம் என்று இஸ்தோப்பிலே உட்கார்ந்தார். படித்தோம். ‘ஒரு முழுத் தேங்காய்’ என்ற இடத்திலே நிறுத்தினார்.

“அது நீங்க வந்ததாலே போட்டது. ஒரு கைப்புடின்னு எழுதுங்க.”

அப்படியே எழுதிக்கொண்டோம்.

நூல் இப்போது அச்சகத்திலே இருக்கிறது. இன்னும் பதினாறு பக்கத்துக்கு இடம் வைத்திருக்கிறோம். இன்று பாட்டிமாரை அழைத்து வந்திருப்போர், கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசைக்கு அவர்களைக் கூட்டிவாருங்கள். படிவத்தை நாமே நிரப்பிக்கொள்வோம். அவர்கள் சொன்னாற் போதும்.