குழந்தைக்காக ஒரு விண்ணப்பம்

எங்கள் மல்லாங்கிணற்றுக் கரிசல் காடு மழையை நம்பியது. மழை பொய்த்த காலங்களில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து ஏழை மக்கள் பலர் கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுடைய வழிவந்தோரிற் சிலர், 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின்னர், அகதிகளாகத் தமிழகம் வந்தனர். மல்லாங்கிணற்றிலும் குல்லூர்சந்தையிலும் முகாம்கள் உள்ளன. 2021-இல் அவற்றின் பெயர் மறுவாழ்வு முகாம் என மாறியது. பெயர் நல்ல பெயர்தான்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் முகாமிலிருந்து ஒருவர், பத்தாம் வகுப்பில் பயின்ற தம் மகளுடன் வந்தார். 1990-இல், எட்டு வயதில், தோணியில் வந்தவர் அவர். "ஐயா, எனக்கு வேண்டாம், பிள்ளைக்காவது குடியுரிமை கேட்டு எழுதித் தாருங்கள்" என்றார்.

பெண்ணோ அருப்புக்கோட்டையிற் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழும் இருந்தது. இஃது எளிய காரியம் என்றே எண்ணினேன். சட்டத்தைப் படித்த பின்னரே என் அறியாமை விளங்கிற்று.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இம்மண்ணிற் பிறந்தவர், பெரும்பாலும் பிறப்பாலேயே இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஒருவர் குடிமகனாயிருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராயிருத்தல் கூடாது. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்மணி ஒருவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, அவர் பிறப்பால் இந்தியரே எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் அளித்தார். அதே முகாமில், அகதிப் பெற்றோருக்குப் பதினைந்து மாதம் பிந்திப் பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை!

பதிவு செய்து குடியுரிமை பெறும் வழியும் உண்டு. ஆனால், குடிமக்களின் குழந்தைகளுக்கே அந்தப் பிரிவு பொருந்தும். ஆகவே, 'எனக்கு வேண்டாம்' என்ற தந்தையின் பெருந்தன்மைக்குச் சட்டத்தில் இடமில்லை. அவருக்கு இல்லாதது மகளுக்கும் இல்லை.

இலங்கையிலும் இதே கதைதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் பிறப்பை விட்டுத் தந்தையின் பிறப்பையோ, பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையோ கேட்டது. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி தன் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? 1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்பாட்டில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பங்கிடப்பட்டனர். பிறக்கும் குழந்தைகளும் அந்தப் பங்கோடு பங்காகச் சேர்ந்தனர்.

எங்களுக்கு ஒரே ஒரு கதவு எஞ்சியது. சிறப்புக் காரணங்கள் இருப்பின், வயது வராத எவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது ஐந்தாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. அதன்கீழ் எழுதினோம். தந்தை கையொப்பமிட்டார். "நான் கையெழுத்திட வேண்டாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். மைனர் ஆதலின் வேண்டாம் என்றேன். மாவட்ட ஆட்சியர் வழியாக மனு சென்றது.

இதுவரை விடை வரவில்லை. வரும் தை மாதம் அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்புகிறது. அன்று முதல் அந்த உட்பிரிவு அவளுக்குப் பொருந்தாது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். புதிய மனு எந்தப் பிரிவின்கீழ் என்று இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். இம்முறை கையொப்பம் அவளுடையது.