கணினியின் நினைவுக்கும் எல்லை உண்டு



மேசைக் கணினி ஒன்று மந்தமாக இயங்கத் தொடங்கியதும் நம்மவர் முதலிற் சொல்லும் பரிகாரம் ஒன்றுண்டு. "றாம் காணாது, இன்னும் கொஞ்சம் போடவேணும்" என்பார்கள். பரிகாரம் பெரும்பாலும் பிழையன்று. ஆனால், அந்தக் கணினி எவ்வளவு றாமை ஏற்கும், எந்த வகை றாமை ஏற்கும் என்று முன்கூட்டியே விசாரிப்பவர் சிலரே. வாங்கிவந்து செருகிய பின்னர்தான் திகைப்பு உண்டாகிறது. நான்கு கிகாபைற் போட்டால் மூன்றேகால் என்று காட்டுகிறது. எட்டுப் போட்டால் திரையே ஒளிர மறுக்கிறது. இவ்வாறு நேர்வதன் காரணங்களை இன்று எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாண நகரில் வாழ்பவருக்கு இது சிறு தொல்லை. பொருந்தாத பொருளைப் பிற்பகலிலேயே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். வேலணைத் தீவிலே சாட்டிக் கடற்கரையை அடுத்து வாழ்பவரோ பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டினம் வரவேண்டும். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் முதலிற் படகேறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, அதன் பின்னரே பஸ் பிடிக்கவேண்டும். பொருந்தாத ஓர் அட்டையால் இரண்டு நாள் அழிந்துவிடும். ஊர் வாசிகசாலையின் கணினியென்றால், செலவாகும் பணம் கடல் கடந்து வாழும் ஊரவர் அனுப்பியதாகவும் இருக்கும்; அதற்குக் கணக்குச் சொல்லவேண்டும். போதாக்குறைக்கு, 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் பெருங் கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், உலகெங்கும் றாமின் விலை ஏறியது.

றாம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம். நிலையான கோப்புகள் இருக்குமிடம் வன்தட்டு; அது அலுமாரி. வேலை நடக்கும்போது எடுத்துப் பரப்பிவைக்கும் மேசைதான் றாம். மேசை சிறிதானால் ஒவ்வொரு தாளுக்கும் அலுமாரிக்கு ஓடவேண்டியிருக்கிறது. கணினியின் மந்தத்துக்கு இதுவே பொதுவான காரணம்.

சரி, மேசையை வேண்டிய மட்டும் பெரிதாக்கினால் என்ன? இங்கேதான் முகவரி என்னும் பிரச்சினை எழுகிறது. நினைவகத்தின் ஒவ்வொரு சிறு அறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. நம்முடைய தெருக்களில் வீட்டிலக்கம் இரண்டு தானங்களுக்கு மேற் போகக்கூடாது என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு வீடுகளுக்குத்தான் இலக்கம் கொடுக்கலாம். நூற்றோராவது வீட்டை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் தபாற்காரன் அதைக் காணமாட்டான். கணினிக்குத் தெரிந்தவை பூச்சியமும் ஒன்றும் மாத்திரமே. ஆகையால் முகவரிக் கம்பி ஒன்று கூடும்போது வீடுகள் இருமடங்காகின்றன. 1978இல் வெளிவந்த இன்ரெல் 8086 என்னும் செயலிக்கு இருபது கம்பிகள். அது அறியக்கூடிய அறைகள் 1,048,576. அதன் நெருங்கிய உறவான 8088 செயலியைக் கொண்டு 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த கணினியில், இவற்றுள் 640 கிலோபைற் மாத்திரமே செய்நிரல்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1985இல் வந்த 80386 செயலிக்கு முப்பத்திரண்டு கம்பிகள். அது அறியக்கூடிய அறைகள் 4,294,967,296. இதனைத்தான் நான்கு கிகாபைற் என்கிறோம். அன்று அது கடலாகத் தோன்றியது. இருபது ஆண்டுகள் செல்லுமுன் அக்கடலின் மறுகரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிற்று.

நான்கு போட்டும் மூன்றேகால் என்று காட்டுவதேன்? முகவரிகள் றாமுக்கு மட்டும் உரியவையல்ல. திரையை இயக்கும் பகுதிக்கும், வலையமைப்புப் பகுதிக்கும், ஏனைய உறுப்புகளுக்கும் முகவரி வேண்டும். வீட்டிலக்கங்களின் கடைசிப் பகுதியைப் பாடசாலைக்கும் தபாற்கந்தோருக்கும் முன்னரே ஒதுக்கிவைத்தால், அங்கே கட்டிய வீடுகளுக்கு இலக்கம் இல்லாமற் போகுமன்றோ? முப்பத்திரண்டு பிற் விண்டோஸ் உள்ள கணினியில் நடப்பது இதுவே. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். பாவம், அவர் கொடுத்தது முழு நான்குதான்.

2003ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனம் அறுபத்துநான்கு பிற் செயலிகளை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்ரெல் நிறுவனமும் பின்தொடர்ந்தது. அத்துடன் எல்லை நீங்கிவிட்டது என்று பலர் எண்ணினர். நீங்கியது ஓர் எல்லை. மற்றவை இருந்தபடியே இருந்தன.

சாட்டிக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அயலூர்களுக்கும் குடிநீர் அங்கிருந்து போயிருக்கிறது. மழைநீர் மணலூடு இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்பதே அந்த நன்னீர். கிணற்றில் வாளியை விட்டு இறைத்தாலும் நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்தாலும், நன்னீரின் அளவு வாளியாலும் இயந்திரத்தாலும் தீர்மானிக்கப்படுவதில்லை. மழை எவ்வளவு, மணல் எவ்வளவு என்பவையே தீர்மானிக்கின்றன. இயந்திரத்தின் வலு கூடினால் உவர்தான் மேலே வரும். கணினியிலும் செயலி, தாய்ப்பலகை, விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை, செருகுவாய்களின் தொகை என எல்லைகள் பல உள. இவற்றுள் எது மிகச் சிறியதோ அதுவே ஆட்சி செய்யும்.

தாய்ப்பலகையை முதலிற் பார்ப்போம். கோர் 2 டுவோ செயலி அறுபத்துநான்கு பிற் கணக்கைச் செய்யவல்லது. ஆனால் அது இன்ரெல் 945 வகைச் சில்லுத்தொகுதி கொண்ட பலகையில் அமர்ந்திருந்தால் நான்கு கிகாபைற்றே முடிந்த முடிபு. அதிலும் முழுவதும் பயன்படாது. ஜி 41 வகையானால் எட்டு. எச் 61 வகையானால் இரண்டு செருகுவாய்களில் எட்டெட்டாகப் பதினாறு. இவற்றைப் பணம் கொடுத்து மாற்ற இயலாது, பலகையையே மாற்றவேண்டும். புதிய பலகைகளில் இதற்கு எதிர்மாறாகவும் நேர்வதுண்டு. பலகை வெளிவந்த காலத்திற் பெரிய அட்டைகள் விற்பனைக்கு வராதிருந்தால் கையேட்டிற் குறைந்த அளவே அச்சாகியிருக்கும். இன்ரெல்லின் ஒன்பதாந் தலைமுறைச் செயலிகளுக்கு முதலிற் சொல்லப்பட்ட எல்லை 64. பின்னர் 128 என்று திருத்தப்பட்டது.

பணிசெயல் முறைமையின் எல்லை வேறு வகையானது. அறுபத்துநான்கு பிற் விண்டோஸ் 7இல் ஹோம் பேசிக் என்னும் பதிப்பு எட்டு கிகாபைற்றுக்கு மேல் ஏற்காது, ஹோம் பிரீமியம் பதினாறு, புரொபெஷனல் 192. ஒரே மென்பொருள்தான், விலைச்சீட்டுக்கேற்ப எல்லை. முகவரிக் கம்பியின் எல்லையை இயற்கையின் விதிபோல ஏற்றுக்கொள்ளலாம். இதனை வணிகத்தின் விதி என்றே சொல்லவேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. செயலி அறுபத்துநான்கு பிற்றாக இருந்தும், முப்பத்திரண்டு பிற் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினிகள் பல. பலகையும் இடங்கொடுக்குமானால், ஒரு சதமும் செலவின்றி, முறைமையை மாற்றி நிறுவுவதாலேயே மறைந்திருந்த நினைவகம் வெளிப்படும். பழையதை அழித்துத்தான் புதியதை நிறுவவேண்டியிருப்பதால், கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதிசெய்து வைக்கவேண்டும்.

அட்டைகளிலும் தலைமுறை உண்டு. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ஆகிய இரண்டுக்கும் 240 தொடுமுனைகள். ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். முன்னது 1.8 வோல்ற்றில் இயங்குவது, பின்னது 1.5 வோல்ற்றில். வெட்டுப் பொருந்தவில்லையென்றால் அது எச்சரிக்கை. பெருவிரலால் அழுத்தி வெல்லவேண்டிய தடையன்று. நான்கு கிகாபைற் என்று எழுதிய இரண்டு அட்டைகளில், ஒன்றிற் பதினாறு சில்லுகளும் மற்றொன்றில் எட்டுச் சில்லுகளும் இருக்கலாம். எட்டுச் சில்லு அட்டையைச் சில பழைய பலகைகள் அறவே அறிந்துகொள்வதில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இதழ்களும் அழிந்தன. 2005 முதல் நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து வெளியீடுகளை எண்ணிம வடிவிற் சேர்த்து வருகிறது. கோயில் மலரையோ பாடசாலை ஆண்டிதழையோ கறையான் தின்னுமுன் படமெடுத்து வைக்க விரும்பும் இளைஞர் தீவகத்தில் இருந்தால், அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய கணினியாகவே இருக்கும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தில் வருடினால் 2480 பெருக்கல் 3508 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைற்றாக ஏறக்குறைய 26 மில்லியன் பைற். நூறு பக்க மலரை ஒருங்கே திறந்தால் 2,600 மில்லியன். மூன்றேகால் கிகாபைற் கணினி, விண்டோஸையும் சுமந்துகொண்டு, இதில் மூச்சுத்திணறும். ஆனால் பக்கம் பக்கமாக வருடிச் சேமித்தால் அதே கணினி வேலையை முடித்துவிடும். பலகையின் எல்லை நான்கு என்று தெரிந்த பின்னர் றாமிற் பணம் போடுவது வீண். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், அலுமாரிக்கு ஓடும் நேரமாவது குறையும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு உதவி முடிவுற்றது. நான் குறிப்பிட்ட பழைய பலகைகள், எவ்வளவு றாம் போட்டாலும், விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை எட்டமாட்டா. அவற்றை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையின் எளிய பதிப்பொன்றை நிறுவுவது நன்று.

இனி, பஸ் ஏறுமுன் செய்யவேண்டியவை. தாய்ப்பலகையில் அச்சிட்டிருக்கும் பெயரையும் இலக்கத்தையும் தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளரின் கையேட்டிலோ இணையப் பக்கத்திலோ அந்தப் பலகைக்குரிய உச்ச அளவைப் பாருங்கள். கணினியே தன் உச்ச அளவைச் சொல்லும் கட்டளைகள் உண்டு. அவை சிலவேளை பிழையாகச் சொல்வதால் கையேட்டையே நம்புங்கள். செருகுவாய்கள் எத்தனை, வெறுமையானவை எத்தனை என்று எண்ணுங்கள். மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்தபின் பழைய அட்டையைக் கழற்றி, ஈரம்படாமற் பொதிசெய்து கையோடு கொண்டுசெல்லுங்கள். கடைக்காரருக்கு அதுவே தக்க விவரச்சீட்டு. பொருந்தாவிடில் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். புதியது வந்துவிட்டதென்று பழையதை எறிந்துவிடாதீர்கள். புதியதை மாற்றப் பட்டினம் போய்வரும்வரை, வாசிகசாலைக் கணினி அந்தப் பழைய அட்டையில்தான் இயங்கவேண்டியிருக்கும்.