"இது எந்தக் கம்பெனி நாத்தம்?"

இன்னைக்கு ஜப்பான் நாட்டுச் சட்டம் ஒண்ணைப் பத்திப் பேசப்போறோம். ஆனா ஆரம்பிக்கப்போறது திருவொற்றியூர்ல, எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து.

ராத்திரி 11 மணிக்கு மேல காத்து மணலிப் பக்கம் இருந்து திரும்பும். எங்க ஆயா தூக்கத்துல எழுந்து ஜன்னலைச் சாத்தும். "கேஸ் வுட்டுட்டான்டா"ன்னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துக்கும். விடியற வரைக்கும் இருமல் சத்தம் கேட்டுட்டே இருக்கும்.

ஒரு நாள் கோபத்துல புகார் கொடுக்க போன் பண்ணேன். முதல் கேள்வியே, "எந்தக் கம்பெனி சார்?" எனக்கு எப்படித் தெரியும்? மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கு, உர ஆலை இருக்கு, வரிசையா பெட்ரோகெமிக்கல் ஆலைகள் இருக்கு. எண்ணூர் பக்கம் போனா அனல் மின் நிலையம். மூக்குக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாதே! போனை வெச்சுட்டேன்.

இதே கேள்வியில ஜப்பான்ல ஒரு ஊர் மாட்டிக்கிச்சு. ஊர் பேரு யொக்கைச்சி. அங்கேயும் கடலோரத்துல சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோகெமிக்கல், மின் நிலையம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல. பக்கத்துலயே இசோசுன்னு ஒரு மீனவர் குப்பம். முதல்ல மீன்ல எண்ணெய் நாத்தம் வந்துச்சு. அப்புறம் மனுஷங்களுக்கு இழுப்பு வந்துச்சு. 1967ல அந்தக் குப்பத்து நோயாளிகள் 9 பேர், 6 கம்பெனிகள் மேல வழக்குப் போட்டாங்க.

இதுல சிக்கல் என்னன்னா, என் நுரையீரலுக்குள்ள போனது எந்தப் புகைபோக்கியோட புகைன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. 1972 ஜூலை 24 அன்னைக்குத் தீர்ப்பு வந்துச்சு. நீங்க ஆறு பேரும் ஒரே வளாகத்துல தொழில் பண்றீங்க, அதனால ஆறு பேரும் சேர்ந்தே பொறுப்புன்னு சொல்லிடுச்சு நீதிமன்றம். யாரோட புகைன்னு பிரிச்சுக் காட்டற சுமை நோயாளி தலையில இருந்து இறங்கிடுச்சு. அடுத்த வருஷமே, 1973ல, ஒரு நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்துச்சு. அறிவிக்கப்பட்ட பகுதியில குறிப்பிட்ட காலம் வாழ்ந்து, ஆஸ்துமா மாதிரி நோய் இருக்குன்னு சான்று வாங்கினா போதும். கந்தகப் புகை விடற ஆலைகள், விடற அளவுக்கு ஏத்த மாதிரி பணம் கட்டணும். வண்டி வரியில இருந்தும் ஒரு பங்கு.

அதுக்காக ஜப்பானைச் சொர்க்கம்னு நினைச்சுக்காதீங்க. 1988ல புதுசா ஆஸ்துமா நோயாளிகளைச் சேர்க்கறதை நிறுத்திட்டாங்க.

சரி, நம்ம ஊர்ல என்ன சட்டம் இருக்கு? 1985 டிசம்பர்ல டெல்லியில ஓலியம் வாயு கசிஞ்சுது. அந்த வழக்குல 1986ல உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்புக் கோட்பாட்டைச் சொல்லுச்சு: ஆபத்தான தொழில் நடத்தறவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சதே, அந்த மாதிரி விபத்துல குழாயைக் கைகாட்டலாம். ஆனா எங்க ஆயா ஜன்னல் சாத்தினது விபத்தே இல்லையே. அது தினப்படி நடக்கிற விஷயம்.

அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. 2010ல வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 17ஆவது பிரிவு. ஒரே ஆலையால வந்த பாதிப்புன்னு சொல்ல முடியாம, பலருடைய செயல் சேர்ந்து வந்த பாதிப்பா இருந்தா, பொறுப்பை அவங்களுக்குள்ள நியாயமாப் பங்கிட்டுக் கொடுக்கலாம்னு அங்க இருக்கு. முதல்முறை படிச்சப்போ, அந்த போன் காலுக்குப் பதில் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா ஒரு கெடுவும் இருக்கு: நஷ்ட ஈடு கேக்கணும்னா பொதுவா 5 வருஷத்துக்குள்ள கேக்கணும்.

அப்போ நம்மகிட்ட இல்லாதது எது? ஆதாரம். யொக்கைச்சியில மருத்துவ ஆய்வாளர்கள் காப்பீட்டு பில்களை வெச்சு, எந்தப் பகுதியில மூச்சு நோய் அதிகம்னு கணக்கெடுத்தாங்க. 1965லயே அந்த நகராட்சி நோயாளிகளைப் பதிவு செஞ்சு வைத்தியச் செலவைக் கொடுக்க ஆரம்பிச்சிருச்சு. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே பட்டியல் தயாரா இருந்துச்சு.

எங்க ஆயா போன வருஷம் தவறிடுச்சு. தெருமுனை கிளினிக்ல எத்தனை தடவை நெபுலைசர் வெச்சிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. ஒரு சீட்டுகூட எங்ககிட்ட இல்ல, எல்லாம் பழைய பேப்பரோட போயிடுச்சு. அது இறந்ததுக்குப் புகைதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கற வழியையும் நாங்களே தூக்கிப் போட்டுட்டோம்.

அதனால திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம்னு எங்க இருந்து கேட்டாலும் ஒரே ஒரு வேண்டுகோள். நாத்தம் வந்தா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு போன்ல குறிச்சு வைங்க. டாக்டர் சீட்டை ஒரு கவர்ல போட்டு வைங்க, போட்டோவும் எடுத்துக்கோங்க. எந்தக் கம்பெனின்னு கேட்டா, "கண்டுபிடிக்கிறது உங்க வேலை சார், எங்க வீட்டுக் கணக்கு இதோ இருக்கு"ன்னு சொல்லுங்க.