முதலில் தகவல், பிறகே குறி

(தென்காசியில் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



குற்றாலம் பேரருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். நீர்வரத்து குறைந்ததைப் பார்த்த பிறகே அனுமதிப்பார்கள். இந்த வரிசை மாறினால் ஆபத்து. கணினிக்குள்ளும் அப்படித்தான்.

அனுப்பவேண்டிய தகவலை டிரைவர் மென்பொருள் நினைவகத்தில் எழுதும்; பிறகு ‘தயார்’ என்று ஒரு குறியை இடும். குறியைக் கண்டதும் நெட்வொர்க் அட்டை, செயலியை எதிர்பாராமல் தானே தகவலை எடுத்து அனுப்பும். இதுவே நேரடி நினைவக அணுகல்.

ஆனால் வேகத்துக்காகச் செயலி, எழுதும் வரிசையை மாற்றக்கூடும். குறி முந்தினால் அட்டை பழைய தகவலையே அனுப்பிவிடும். இன்டெல் செயலிகளில் எழுதும் வரிசை பொதுவாக மாறாது. கைபேசிகளில் உள்ள ஆர்ம் செயலிகளில் மாறலாம். ஆகவே ஒரு கணினியில் ஓடிய நிரல் இன்னொன்றில் தவறும், அதுவும் எப்போதாவது. இதற்காகவே லினக்ஸ் டிரைவர்களில் தகவலுக்கும் குறிக்கும் நடுவே ‘நினைவகத் தடுப்பு’ என்னும் கட்டளையை எழுதுகிறார்கள்.

இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு மாணவர் தாளில் எண்ணை எழுதிவிட்டுக் கையை உயர்த்தட்டும். கை உயர்ந்ததும் மற்றவர் அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதட்டும். அடுத்த முறை, எண்ணை மாற்றும் முன்பே கையை உயர்த்தச் சொல்லுங்கள். பலகையில் பழைய எண்ணே வரும்.

பக்கத்து மத்தளம்பாறையிலேயே ஜோஹோ நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறார்கள். நாளை நம் பிள்ளைகளும் எழுதுவார்கள். ‘ஒருமுறை சரியாக வந்தது’ என்பது நிரல் சரி என்பதற்குச் சான்றாகாது; அதை இன்றே அவர்கள் உணரட்டும்.