வாசற்படியில் ஓட்டுக் கேட்கும் கலை



மேடைப் பேச்சை ஒரு கலை என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமே இருந்ததில்லை. யார் எப்படித் தொடங்குவார், எந்த இடத்தில் குரலை ஏற்றுவார் என்று பேச்சாளர்களைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்கில் விவாதித்த ஊர் இது. ஆனால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதை அப்படி யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. கொடி பிடிப்பது, நோட்டீஸ் கொடுப்பது மாதிரி அதுவும் ஒரு தொண்டர் வேலை என்று விட்டுவிடுகிறோம். தேர்தல் காலங்களில் ஓட்டுக் கேட்கப் போகிறவர்களோடு சேர்ந்து நடந்திருக்கிறேன். அப்படிப் பார்த்த அளவில் சொல்கிறேன்: தேர்தல் வேலைகளிலேயே கடினமானதும் மதிப்பு மிக்கதும் இதுதான். மேடையில் பேசுகிறவரை யாரும் குறுக்கே கேட்க முடியாது. வாசற்படியில் நிற்கிறவரைக் கேட்கலாம்.

இந்த வேலை வாசலில் தொடங்குவதில்லை, வாக்காளர் பட்டியலில் தொடங்குகிறது. ஒரு வாக்குச்சாவடிக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் இருப்பார்கள், சில இடங்களில் கூடுதலாகவும் இருக்கும். அந்தச் சாவடிக்கான பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஊர்க்காரர் ஒருவர் இரவில் உட்காருவார். பக்கத்தில் தெருவை அறிந்த இன்னொருவர். ‘இந்த வீட்டில் நாலு ஓட்டு. மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பஸ் கிடைத்தால் வருவான். மருமகள் பேர் இன்னும் அவள் பிறந்த ஊரில் கிடக்கிறது. தாத்தா காலமாகி வருஷம் ஆகிவிட்டது, பேர் மட்டும் இருக்கிறது.’ இப்படி ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வரியாகப் போகும் பேச்சு. எந்தக் கணினியும் இதைச் சொல்லித் தராது. நல்ல பூத் ஏஜென்ட் என்று கட்சிக்காரர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலைப் பார்க்காமலே தெருவைச் சொல்லக்கூடியவரைத்தான் சொல்வார்கள்.

அடுத்தது நேரம். கிராமத்தில் பகல் பதினொரு மணிக்குப் போனால் திண்ணையில் பெரியவர்கள்தான் இருப்பார்கள். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். நகரத்து அடுக்குமாடியில் காலை எட்டு மணிக்கு மணியடித்தால், பள்ளிக்கூட வேன் அவசரத்தில் இருக்கும் தாய்க்கு உங்கள் முகம் பிடிக்காமல் போய்விடும். தண்ணீர் வரும் நேரத்தில் ஓட்டுக் கேட்கப் போகக் கூடாது என்பது இந்த வேலையில் பழகியவர்களுக்குப் பாலபாடம்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வேட்பாளரோடு ஒரு கூட்டம் தெருவுக்குள் நுழைந்தது. ஒரு வீட்டு வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, நோட்டீஸை வாங்காமலே கேட்டார்: “குழா போட்டாச்சு, போட்டோவும் புடிச்சாச்சு. தண்ணி எங்க?” வேட்பாளர் கும்பிட்டார், கூட்டம் கோஷம் போட்டது, எல்லோரும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். கிளைச் செயலாளர் ஒருவர் மட்டும் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார். “சொல்லுங்கக்கா, என்னைலேர்ந்து வரல?” என்றார். அந்த அம்மா கோபம் தீரும்வரை பேசினார். மேட்டுப் பக்கம் நாலு வீட்டுக்குத்தான் வரவில்லை, கீழ்த்தெருவில் குழாயை மூடாமல் விட்டுவிடுகிறார்கள், மோட்டார் போடுகிறவர் முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறார் என்று விவரம் ஒவ்வொன்றாக வந்தது. செயலாளர் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எழுந்தபோது, “ஜெயிச்சா செய்வோம்னு சொல்ல வரலக்கா. மோட்டார் போடுறவர்கிட்ட இன்னைக்குச் சாயங்காலமே பேசுறேன். நடந்தா நல்லது, நடக்கலேன்னா நானே வந்து சொல்லிடுறேன்” என்றார். ஓட்டு என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. அந்த அம்மா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வீட்டு ஓட்டு யாருக்கு விழுந்ததோ, அதை விட்டுவிடுங்கள். ஒரு தெருவின் குறை, இருக்க வேண்டிய விவரத்தோடு, எழுத்தில் ஏறியது. தேர்தல் அறிக்கை எழுதுகிற தலைமை அலுவலகத்தில் கீழ்த்தெருக் குழாய் யாருக்கும் தெரியாது. மனு கொடுக்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்க அந்த அம்மாவுக்குக் கூலி நாள் ஒன்று போகும். ஆகவே, அந்த நோட்டுதான் வீடு வீடாகப் போவதன் முதல் பயன் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு நுட்பம், வாக்காளர் சொல்லும் சம்மதத்தை எடை போடுவது. நம் மக்கள் வீட்டுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே ‘போட மாட்டேன்’ என்று அனுப்ப மாட்டார்கள். ‘உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அடுத்த அரைமணியில் வருகிற அணிக்கும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் நோட்டில் நாலு ஓட்டு என்று எழுதிவிடுவார். பழகியவர் எழுத மாட்டார். ‘செஞ்சுடுவோம்’ என்று சட்டென்று முடித்தால் சந்தேகம். ‘போன தடவை நீங்க என்ன செஞ்சீங்க?’ என்று சண்டைக்கு வந்தால் நம்பிக்கை. சண்டை போடுகிறவர் இன்னும் அந்தக் கட்சியிடம் எதையோ எதிர்பார்க்கிறார்.

சின்னத்தை மனதில் பதிய வைப்பதும் வாசலில்தான் முழுமையாக நடக்கிறது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைக்கும். அந்தக் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் குறைந்தது 14 நாள் இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். நடைமுறையில் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு புதுச் சின்னம் பாட்டியின் நினைவில் ஏற வேண்டும். மாதிரி வாக்குப்பதிவு இயந்திர அட்டையைத் திண்ணையில் வைத்து, ‘மேலேயிருந்து எண்ணுங்க, ஒம்பதாவது’ என்று விரலைப் பிடித்துக் காட்டுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பொறுமையான வேலை. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 40,707 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். இரண்டு வாரத்தில் ஒரு சின்னம் தொகுதி முழுக்கப் போய்ச் சேரும் என்பதற்கு அது சாட்சி. அதே தொகுதியில் அதே ஆண்டு ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல் பணப்பட்டுவாடாப் புகாரால் ரத்தானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஒரு தெரு நடந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்கலாம். 1967இல் விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில். எதிரே நின்ற பெ. சீனிவாசன் மாணவர் தலைவர். அந்தத் தேர்தலில் மாணவர்கள் ஊர் ஊராக இறங்கி வேலை செய்தார்கள். 2016இல் ராதாபுரத்தில் வெற்றி தோல்வியைப் பிரித்தது 49 ஓட்டு. 2021இல் தியாகராய நகரில் 137. நாற்பத்தொன்பது ஓட்டு என்றால் ஒரு சின்னத் தெரு.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1998இல் நியூ ஹேவன் நகரில் நேரில் போய்க் கேட்பதன் பலனைச் சோதித்தே பார்த்தார்கள். சுமார் 30,000 வாக்காளர்களைப் பிரித்து, சிலருக்குக் கடிதம், சிலருக்குத் தொலைபேசி அழைப்பு, சிலரிடம் நேரில் ஆள். எந்தக் கட்சிக்காகவும் கேட்கவில்லை, ஓட்டுப் போட வாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். நேரில் பேசக் கிடைத்தவர்களிடையே வாக்குப்பதிவு 8, 9 சதவீதப் புள்ளி வரை கூடியது. கடிதத்துக்குச் சிறு பலன், தொலைபேசிக்குப் பலனே இல்லை. இன்றைக்கு நமக்கு வருகிற பதிவு செய்த குரல் அழைப்புகளை நினைத்துப் பாருங்கள். தலைவர் குரல் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் துண்டித்துவிடுகிறோம். வாசலில் நிற்கிற மனிதரை அப்படித் துண்டிக்க மனம் வராது.

இந்தக் கலையை அதன் சுத்தமான வடிவில் பார்க்க விரும்புகிறவர்கள் ஊராட்சி வார்டு தேர்தலைப் பார்க்க வேண்டும். அங்கே கட்சிச் சின்னம் கிடையாது. சில நூறு ஓட்டுகள்தான். கேட்க வருகிறவர் யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், எந்தச் சாவுக்கு வரவில்லை என்பது வரைக்கும் தெருவுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டத் திருத்தம் வந்தது, 2019 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதில் நான் கண்ட குறை ஒன்று உண்டு. பல ஊர்களில் கணவர் முன்னால் நடந்து ‘எங்க வீட்டுல நிக்கிறாங்க’ என்று கேட்டார். வேட்பாளர் பின்னால் கைகூப்பி நின்றார், பேசவில்லை. ஆனால் தானே கேட்கப் போன பெண்கள் ஆண்கள் நுழைய முடியாத இடத்துக்குப் போனார்கள். கூடத்தைத் தாண்டி அடுப்படி வரை போய், அரிசி களைகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சுயஉதவிக் குழுக் கடன், பொதுக் கழிப்பறைக்கு விளக்கு இல்லாதது, சாராயக் கடை எல்லாம் அங்கேதான் பேச்சுக்கு வந்தன. முதல் பொதுத் தேர்தலின்போது தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாததால் நாடு முழுக்க ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலில் ஏறவில்லை. ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் சொன்னவர்கள் அவர்கள். அந்த நாட்டில் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லி இன்னொரு பெண்ணின் அடுப்படியில் ஓட்டுக் கேட்கிறாள். எனக்கு இதில் இருக்கிற மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இனி பணம். வாசலுக்குப் போகிற கால் பணத்தையும் கொண்டுபோகும். 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியும் இதனால்தான் குறித்த நாளில் ஓட்டுப் போட முடியாமல் போயின. ஜப்பானில் இந்தப் பயத்தினாலேயே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடு வீடாக ஓட்டுக் கேட்பதையே தடை செய்தார்கள். அந்தத் தடை இன்றும் இருக்கிறது. நம் நாட்டுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே போல் தடை போட்டால் நம் கிளைச் செயலாளரின் நோட்டும் போய்விடும். பணம் இருட்டில் வேறு வழியில் வரும். நம் சட்டத்தில் ஓட்டுக்குக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. அதை அமல்படுத்திக் காட்டினால் போதும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது கூட்டம். மேளம், வெடி, ட்ரோன் கேமரா, அறுபது பேர் பின்னால். ஆரத்தித் தட்டோடு பெண்களை முன்கூட்டியே வரிசையில் நிறுத்திவைக்கிறார்கள், தட்டில் ரூபாய் நோட்டு விழுகிறது, படம் எடுத்ததும் வண்டி நகர்ந்துவிடுகிறது. அந்த இரைச்சலில் ‘தண்ணி எங்க?’ என்ற கேள்வி யார் காதில் விழும்? கொரோனா காலத்தில் தேர்தல் ஆணையம் வேட்பாளரையும் சேர்த்து ஐந்து பேருக்கு மேல் வீடு வீடாகப் போகக் கூடாது என்று விதித்தது. நோய்க்காகப் போட்ட விதிதான். ஆனால் ஐந்து பேர் வந்த வாசலில் பேச்சு நடந்தது. அந்த விதியை எடுத்திருக்கக் கூடாது.

எந்தக் கட்சியானாலும் சரி, அடுத்த தேர்தலுக்குத் தெருவில் இறங்கப்போகிற தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து பேராகவே போங்கள். மேளத்தைத் தெருமுனையில் நிறுத்துங்கள். கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும், எழுதிக்கொண்டதற்குப் பதில் சொல்ல வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு ஒருமுறை அதே தெருவுக்கு வாருங்கள், தோற்றிருந்தாலும் வாருங்கள். நேயர்களே, உங்கள் வாசலுக்கு வருகிறவரை ‘போட்டுடுறோம்’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லி, உங்கள் தெருவின் குறையைச் சொல்லி, அவர் எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள்.