செய்தி உருவில் வரும் விளம்பரம்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்த உமாசுவாமி, ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களையும் எடுத்துரைத்தார். விரதத்தை முற்றும் உடைக்காமல் கறைப்படுத்தும் பிழைகளே அதிசாரங்கள். வாய்மைக்குக் கூறியவற்றுள் முதலாவது மித்யோபதேசம். பிறரைத் தவறான வழியில் செலுத்தும் அறிவுரை. கள்ளாமைக்குக் கூறியவற்றுள் இறுதியானது பிரதிரூபக வியவகாரம். ஒன்றைப் போலத் தோன்றும் மற்றொன்றை அதுவெனக் காட்டி விற்றல். நெய்யில் எண்ணெய் கலப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

தமிழ்ச் சமணர் வழிவழியாகப் பெரும்பாலும் உழவர். இன்றோ அவர்தம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பங்கு வாங்கி விற்கின்றனர். வழிகாட்டியாக வணிக இதழ்களைப் படிக்கின்றனர். ஆதலின் அவ்விதழ்களின் வாய்மை இவ்வவையில் பேசத்தக்கதே. விளம்பரம் விளம்பரமாகவே வருமாயின் குற்றமில்லை. செய்தியின் உடையணிந்து வரும்போதுதான் அது பிரதிரூபகமாகிறது.

இதற்குப் பெருஞ்சான்று பிரான்சு நாட்டில் உண்டு. 1888 முதல் ருசியப் பேரரசு பாரிசு நகரில் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டியது. வாங்கியோருள் சிறுசேமிப்பாளர் மிகப் பலர். அவர்கள் நம்பியது நாளிதழின் நிதிப் பக்கத்தை. நாளிதழ்கள் பல அப்பக்கத்தையே நிதித் தரகர்க்குக் குத்தகைக்கு விட்டிருந்தன என்பதைச் சாதாரண வாசகர் அறியார். குத்தகை வந்து சேர்ந்தபின் வயலில் விளைவது யாதெனக் கேளாத நிலக்கிழாரைப் போல, இதழுக்கு உரியோரும் அங்கு அச்சாவது யாதெனக் கேளாதிருந்தனர்.

ருசிய நிதியமைச்சகத்தின் சார்பில் பாரிசில் இருந்தவர் ஆர்தர் ராஃபலோவிச். தாமே பொருளியல் நூல்கள் எழுதிய அறிஞர். விளம்பரச் செலவு என்னும் பெயரால் இதழ்களுக்குப் பணம் பகிர்ந்தளிப்பதில் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. 1904இல் சப்பானுடன் போர் மூண்டு, மறு ஆண்டு உள்நாட்டிலும் புரட்சி எழுந்தபோது, இதழ்களுக்குச் சென்ற தொகை கூடிற்று. உண்மை கசக்கும்போது மௌனத்தின் விலை ஏறுமன்றோ! 1906இல் மற்றுமொரு பெருங்கடன் திரட்டப்பட்டது. மொத்தம் 225 கோடி பிராங்கு. அதில் பாதிக்கு மேல் பிரான்சில் திரண்டது.

1918 பிப்ரவரியில் சோவியத்து அரசு பழைய அயல்நாட்டுக் கடன்கள் செல்லா என ஆணையிட்டது. பெட்டியில் பூட்டி வைத்த பத்திரங்கள் வெறுந்தாளாயின. ராஃபலோவிச் தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களை 1923 இறுதி முதல் 'லுமானிதே' நாளிதழ் வெளியிட்டபோதுதான், எந்தெந்த இதழ் எவ்வளவு பெற்றது என்பது ஊரறிந்தது. அவ்விதழ் பொதுவுடைமைக் கட்சியினது. அதற்கும் தன் நோக்கம் இருந்தது. எனினும் கடிதங்கள் மெய்யானவை. ருசியா பிரான்சுக்கு 40 கோடி டாலர் தர இசைந்து கணக்கை முடிக்க முயன்றது 1990களின் பிற்பகுதியில். பத்திரம் வாங்கியோரின் பேரர்க்குக் கிடைத்தது இழப்பில் சிறு துளி.

இந்தியாவில் இது வேறு வடிவம் கொண்டது. 2005 அளவில் பெரும் நாளிதழ்க் குழுமம் ஒன்று, விளம்பரக் கட்டணத்துக்கு ஈடாக நிறுவனங்களின் பங்குகளையே பெறும் முறையைத் தொடங்கிற்று. அந்நிறுவனத்தின் பங்கு விலை ஏறினால் இதழுக்கும் ஆதாயம். அதைப் பற்றிச் செய்தி எழுதுவோர் துலாக்கோல் போல் நிற்பது எங்ஙனம்? இத்தகைய பங்குரிமை இருப்பின், அந்நிறுவனம் பற்றிய செய்தியிலேயே அதனை வாசகர்க்கு வெளிப்படுத்த வேண்டும் என 2010 ஆகஸ்டில் செபி அறிவித்தது. நல்ல விதியே, ஆயினும் எழுதிய செய்திக்கன்றி எழுதாமல் விட்டதற்கு எந்த விதியும் எட்டுவதில்லை.

அந்த மௌனமே பெரிதும் அஞ்சத்தக்கது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர் 100 பேரில் 93 பேர் பணம் இழந்தனர் என்றும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. தரகு நிறுவனத்துக்கோ வென்றவரிடமும் கட்டணம், தோற்றவரிடமும் கட்டணம். வணிக இதழ்களுக்கு விளம்பரம் தருவோருள் முன்னிற்போர் தரகு நிறுவனத்தார், மென்பொருள் விற்போர், பயிற்சி வகுப்பு நடத்துவோர். விளம்பரம் நின்றுவிடுமே என்னும் அச்சம் ஆசிரியர்க்கு இருக்குமாயின், 93 என்னும் அவ்வெண் உள்பக்கத்தின் மூலையில் ஒதுங்கிவிடும். பயிற்சி முடித்து வென்ற இளைஞரின் படம் அட்டைக்கு வந்துவிடும். அச்சிட்ட சொல் ஒவ்வொன்றும் மெய்யாகவே இருக்கலாம். எனினும் படிப்பவர் சென்று விழுவது மித்யோபதேசத்தின் பள்ளத்திலேயே.

வீட்டில் இத்தகைய இதழ் வாங்குவோர், சந்தாவைப் புதுப்பிக்குமுன் கடந்த ஓராண்டு இதழ்களை எடுத்து வைத்துப் பார்க்கலாம். மென்பொருளையும் வகுப்பையும் பற்றிய மதிப்புரைகளில் ஒன்றேனும் 'வாங்க வேண்டாம்' என முடிகிறதா? பங்கைப் பரிந்துரைப்பவர் அது தம்மிடம் உள்ளதா இல்லையா எனச் சொல்லியிருக்கிறாரா? 'விளம்பரக் கட்டுரை' என்னும் சொல் தலைப்புக்கு மேல் நிற்கிறதா, அன்றி அடியில் எறும்பெழுத்தில் பதுங்கியிருக்கிறதா?